நிலைத்த பதிப்பும் வளரும் பதிப்பும்

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவகசிந்தாமணியை முதன்முதல் அச்சிட்டு வெளியிட்டது 1887 ஆம் ஆண்டிலாகும். அதன் இரண்டாம் பதிப்பு 1907 இலும் மூன்றாம் பதிப்பு 1922 இலும் வெளிவந்தன. இடைப்பட்ட காலத்தில் ஐயரவர்கள் வாளாவிருந்தாரல்லர். ஏட்டுச் சுவடிகளை நாடி ஊர்தோறும் அலைந்தார், பாடங்களை ஒப்புநோக்கினார், குறிப்புரைகளைப் பெருக்கினார். ஆயினும் முதற்பதிப்பைக் கையில் வைத்திருந்த மாணாக்கனுக்கு அந்நூல் இருபதாண்டு மாறாதிருந்தது. அவன் அதனைக்கொண்டு பாடங்கேட்டான். பக்க எண்ணைச் சுட்டி வாதிட்டான். பிழை கண்டவிடத்து ஓரத்திற் குறித்து வைத்தான். ஒரு நூல் ஒரே காலத்தில் நிலைத்ததாயும் வளர்வதாயும் இருந்ததென்க. இவ்விரண்டும் ஒன்றையொன்று மோதாமற் காத்தது காகிதமே. அச்சேறிய தாளை ஆசிரியர் மீண்டுந் தீண்ட முடியாது.

கணினி மென்பொருளுக்கு அத்தகைய காகிதக் காவல் இல்லை. மூலநிரலென்பது எந்நாழிகையிலும் திருத்தத்தக்கது. அதிலும், திறந்த மூல மென்பொருளெனப்படுவதில் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். உலகின் பல பாகங்களிலிருந்து திருத்தங்கள் நாள்தோறும் வந்துகொண்டேயிருக்கும். இப்பெருக்கினிடையே, ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டையோ ஒரு பாடசாலையின் புள்ளித்தாளையோ நம்பி ஒப்படைக்கத்தக்கதொரு பதிப்பை எவ்வாறு பிரித்தெடுப்பது? பிரித்தெடுத்தபின் அதனை எத்துணைக் காலம் பேணுவது? பேணுங்கால் வளர்ச்சி தடைப்படாதிருக்க யாது செய்வது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தொழின்முறையைச் சிறிது விளக்குவாம். மூலநிரலின் முதன்மை வடிவத்தை அடிமரமென்பர். புதிய ஆக்கங்கள் யாவும் அடிமரத்தையே சேரும். ஒரு கட்டத்தில், இனிப் புத்தாக்கம் வேண்டா, வழுக்களை மட்டும் களைவோமென முடிவுசெய்வர். இதற்கு உறைநிலை என்று பெயர். உறைநிலையில் வழுக்கள் போதிய அளவு நீங்கியதும் அடிமரத்தினின்று ஒரு கிளை பிரிக்கப்படும். அக்கிளையே நிலைத்த பதிப்பு. அதன்பின் அடிமரம் தன் போக்கில் வளரும். கிளைக்கோ வழுத்திருத்தமும் பாதுகாப்புத் துளையடைப்பும் மாத்திரமே உரியன. அடிமரத்திற் கண்ட திருத்தத்தை எடுத்துப் பழைய கிளைக்குப் பொருந்துமாறு மாற்றி ஏற்றுதலைப் பின்னேற்றமென்று கூறலாம். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஈராண்டிற்கு முந்திய நிரலுக்கு இன்றைய திருத்தம் நேரே பொருந்துவதில்லை. ஊதியமின்றி உழைக்குந் தொண்டருள் பெரும்பாலார் புதியதொன்றைப் படைக்க விரும்புவரேயன்றிப் பழையதைத் தைத்துக்கொண்டிருக்க விரும்பார். இங்கேதான் இழுபறி தொடங்குகின்றது.

வழுவென்னும் சொல்லை இத்துறையினர் நம் இலக்கண மரபிலிருந்து எடுத்தாண்டமை மகிழ்ச்சிக்குரியது. வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றனுள் மூன்றாவதும் இத்துறைக்கு நன்கு பொருந்தும். நிலைத்த பதிப்பில் அறிந்தே விடப்படும் வழுக்கள் பல. திருத்தப்புகின் அதனினும் பெரிய கேடு விளையுமென அஞ்சி அமைத்துக்கொள்ளப்படுபவை அவை.

லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவகத்தின் வரலாறு இவ்விழுபறிக்குத் தக்க சான்றாகும். நெடுங்காலம் அங்கே ஓர் எண் வழக்கு நிலவியது. பதிப்பெண்ணின் இரண்டாம் இலக்கம் இரட்டையாயின் நிலைத்தது, ஒற்றையாயின் வளர்வது. 2.4 நிலைத்தது, 2.5 வளர்வது. 2.4 வெளிவந்தது 2001 ஜனவரியில்; அடுத்த நிலைத்த பதிப்பாகிய 2.6 வெளிவந்தது 2003 டிசம்பரில். ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளி. அதற்குள் புதிய வன்பொருள்கள் எத்தனையோ சந்தைக்கு வந்துவிட்டன. பயனாளர் காத்திருக்க ஒருப்படாமையின், லினக்ஸை வழங்கிய நிறுவனங்கள் 2.5 இன் புத்தாக்கங்களைத் தாமே பெயர்த்து 2.4 இல் ஏற்றலாயின. இதன் பயனாக, நிலைத்ததென்று பெயர்பெற்ற பதிப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. அஃதன்றியும், 2001 செப்டெம்பரில் வெளிவந்த 2.4.10 இல், நிலைத்த தொடரின் நடுவிலேயே, நினைவக மேலாண்மைப் பகுதி முழுவதுமாக மாற்றப்பட்டது. இரட்டையெண் தந்த உறுதி அன்றே தளர்ந்ததெனலாம்.

2.6 இற்குப் பின்னர் அவ்வழக்கைக் கைவிட்டனர். இக்காலத்தில் ஒன்பது அல்லது பத்துக் கிழமைக்கு ஒருமுறை புதிய கருவகம் வெளிவருகின்றது. முதல் இரு கிழமைகளில் புத்தாக்கங்களை ஏற்பர். எஞ்சிய கிழமைகள் வழுக்களைதற்கே உரியன. 2005 மார்ச்சில் கிரெக் குரோ-ஹார்ட்மன், கிறிஸ் ரைட் என்னும் இருவர் நிலைத்த கிளையொன்றைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். அவர்கள் வகுத்த விதிகள் படித்தற்குரியன. திருத்தம் மெய்யான வழுவொன்றைக் களைதல் வேண்டும். சூழ்வரிகளையுஞ் சேர்த்து நூறு வரிக்கு மேற்படலாகாது. எல்லாவற்றினும் சிறப்பாக, அத்திருத்தம் அடிமரத்தில் ஏற்கெனவே இடம்பெற்றிருத்தல் வேண்டும். இறுதியிற் கூறிய விதியின் நுட்பம் முதற் பார்வையிற் புலப்படாது. கிளையில் மட்டும் திருத்தி அடிமரத்தை மறந்துவிட்டால், அடுத்த நிலைத்த பதிப்பில் அதே வழு மீண்டும் தலைகாட்டும். பழுது பார்த்தவன் செய்த வேலை அவனோடு போய்விடும். ஆகையால், நிலைபேற்றை நாடுவோனும் வளர்ச்சியின் வாயில் வழியாகவே வருதல் வேண்டுமென விதித்தனர். இவ்விதியே இரு திறத்தாரையும் பிரியாது பிணித்ததென்பது எனது கருத்து.

டெபியன் என்னும் வழங்கல் வேறொரு முறையை மேற்கொண்டது. அதில் மூன்று மண்டபங்கள் உள. நிலையாதது, சோதனை, நிலைத்தது என்பன அவை. புதிய பொதி முதலில் நிலையாததிற் புகும். சில நாள்வரை பெருவழு எதுவும் அறிவிக்கப்படாவிடின் சோதனைக்குச் செல்லும். ஏறத்தாழ இரண்டாண்டுக்கொருமுறை சோதனை மண்டபம் உறையவைக்கப்பட்டு, வழுக்கள் களையப்பட்டு, நிலைத்த பதிப்பாக வெளிவரும். டெபியன் பதிப்புக்களுக்குப் பொம்மைகளைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படமொன்றின் பாத்திரப் பெயர்களை இடுவது வழக்கம். நிலையாத மண்டபத்துக்கு என்றும் மாறாத பெயர் சிட். அப்படத்தில் பொம்மைகளை உடைத்துத் திரியும் சிறுவனின் பெயர் அது! காலவரையறையை அறவே நோக்காது, ஆயத்தமானபோதே வெளியிடுவோமென்று அக்காலத்தில் இருந்தமையால், 2002 யூலையில் வந்த பதிப்பிற்கு அடுத்தது 2005 யூனிலேயே வந்தது. அவ்விடைவெளியிலேதான், 2004 ஒக்டோபரில், டெபியனையே அடியாகக்கொண்டு உபுண்டு தோன்றிற்று. அஃது ஆண்டுக்கு இருமுறை தவறாது வெளிவரும். ஈராண்டுக்கொருமுறை வரும் நீடித்த ஆதரவுப் பதிப்பு ஐந்தாண்டு பேணப்படும். ஏனைய இடைப்பதிப்புக்களின் ஆயுள் இப்போது ஒன்பது மாதமே.

மூன்று மண்டப முறையின் பயனை உலகம் கண்கூடாகக் கண்டது 2024 மார்ச்சில். எக்ஸ்இசட் என்னுந் தரவுச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில் எவரோ ஒருவர் கள்ளவாயிலொன்றை மறைத்துவைத்திருந்தார். அவர் ஈராண்டுக்கு மேலாக உதவியாளர்போல் நடித்து, தனியொருவராய்ச் சோர்ந்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். தொலைவிலிருந்து கணினியுட் புகுவதற்கு வழக்கத்தினும் அரைச் செக்கன் அளவு மிகுதியாகச் செல்வதை அண்ட்ரெஸ் ஃபிரொயண்ட் என்னும் பொறியியலாளர் கவனித்தார். அவர் அன்று பயன்படுத்தியது டெபியனின் நிலையாத பதிப்பு. துருவி ஆராய்ந்தவிடத்துச் சூது வெளிப்பட்டது. டெபியனின் நிலைத்த பதிப்பை அது எட்டவேயில்லை. புதியதை முதலில் ஏற்று இடர்ப்படுவோர் சிலர் இருந்தமையாலேயே பழையதை நம்பிய பலர் தப்பினர்.

இதனாலே நிலைத்தது என்றும் நன்றென்று முடிவுகட்டுதல் பொருந்தாது. 2006 இல் டெபியனின் பராமரிப்பாளர், ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையீட்டுப் பொதியில் ஓர் எச்சரிக்கைச் செய்தியை நீக்கும் பொருட்டு இரண்டொரு வரிகளை விலக்கினார். அதனால் இரகசியத் திறவுகோல்களை ஆக்கும் எழுமாற்று எண்களின் வகை 32,768 ஆகக் குறுகிப்போயிற்று. இவ்வழு மூன்று மண்டபங்களையுங் கடந்து, 2007 ஏப்பிரலில் வந்த நிலைத்த பதிப்பிலும் அமர்ந்து, 2008 மே மாதத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. காலம் கழிதல் வேறு, ஆராய்தல் வேறு. எவரும் நோக்காத நிரல் எத்துணை நாள் கிடந்தாலும் முதிர்ச்சியடையாது.

சப்பிரகமுவ மாகாணத்தார்க்கு இதனை விளக்க இறப்பர் மரமே போதும். அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் புதிய ஒட்டுக்கன்று வகைகளை ஆண்டுக்கணக்கிற் சோதித்தே தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கும். பரிந்துரைத்தபின் அதனை மீட்பது எளிதன்று. கன்று நட்டுப் பால்வெட்டத் தொடங்க ஆறேழு ஆண்டு செல்லும். மரம் முப்பதாண்டுவரை நிற்கும். ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் வகை நல்ல விளைவு தருவதெனப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. 1980 களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா என்னும் இலையுதிர் நோய் அதனைப் பெரிதும் பற்றியது. பரிந்துரைப் பட்டியலிலிருந்து அவ்வகை நீக்கப்பட்டது. சோதனைக் காலத்தில் வெளிப்படாத குறை பரந்த நிலத்திலேயே வெளிப்பட்டது. கன்றுகளை ஓரினமாகவன்றிப் பல்லினமாக நடுதலும், புதிய வகைகளை ஆக்கும் பணியை ஓயாது நடத்துதலும் ஏன் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். மென்பொருளில் ஒரு நற்பேறு உண்டு. திருத்தத்தைச் சில நாழிகையில் எங்கும் அனுப்பிவிடலாம். அனுப்புவாரும் ஏற்பாரும் இருந்தால்.

இனி, நம் நாட்டிற் பிறந்த மென்பொருளொன்றை நோக்குவாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரையோரத்தில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. காணாமற்போனோர் யார், எம்முகாமில் எவர் உளர், எத்தொண்டு நிறுவனம் எங்கே பணிசெய்கின்றது என்று அறிதற்கு ஒழுங்கான ஏடு எதுவும் இருக்கவில்லை. கொழும்பிலிருந்த கணினி வல்லுநர்கள், இலங்கை மென்பொருள் அறக்கட்டளையின் சூழலிற் கூடி, சில கிழமைக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதன் பெயர் சகான. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். சஞ்சீவ வீரவரண, சமிந்திர டி சில்வா முதலியோர் அதன் முன்னோடிகள்.

சகானவின் வரலாறு நம் வினாவுக்கு நேரே விடை தேடுவது. முதல் வடிவம் இடரினிடையே அவசரமாக எழுதப்பட்டது; அன்றைய தேவைக்கு உதவியது; அதனை அப்படியே வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. ஆகவே 2005 இல், சுவீடன் நாட்டு அபிவிருத்தி உதவி நிறுவனத்தின் நிதியுடன், பிஎச்பி மொழியில் அடியிலிருந்து மீள எழுதினர். அவ்வாண்டு ஒக்டோபரில் பாகித்தானில் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சில் மண்சரிவு. மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அதிர்ச்சி. ஒவ்வோர் இடத்துக்கும் சகான சென்றது. அதன் சமூகப் பயனைப் பாராட்டிக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான விருதை வழங்கியது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்தல் வேண்டும். அனர்த்த மென்பொருளுக்கு மற்றெதனினும் நிலைபேறு இன்றியமையாதது. முகாமில் அழுதுகொண்டு நிற்கும் தாய்முன் கணினி உறைந்துபோகலாகாது. அதேவேளை, அனர்த்தந்தோறும் புதிய தேவை எழும். ஒருநாட்டிற் குடும்பத்தலைவர் பெயராற் பதிவர். பிறிதொரு நாட்டில் அடையாள அட்டை எண்ணாற் பதிவர். நிலநடுக்கத்தில் வைத்தியசாலைப் படுக்கைகளின் கணக்கு வேண்டும். வெள்ளத்தில் படகுகளின் கணக்கு வேண்டும். ஆதலால் களத்திலேயே நிரலைத் திருத்த நேரும். களத்தில் இரவோடிரவாகச் செய்த திருத்தம் பின்னர் அடிமரத்தைச் சேர்ந்ததா என்பதே கேள்வி. சேராவிடின் அடுத்த நாட்டார் அதே இரவை மீண்டும் விழித்துக் கழிப்பர்.

2008 அளவிற் பைதன் மொழியில் மற்றொரு வடிவம் தோன்றியது. பின்னர் ஈடன் எனப் பெயர்பெற்ற அது, களத்திலே விரைந்து மாற்றியமைத்தற்கு ஏற்றதாயிருந்தது. 2010 ஜனவரியில் எயிற்றியில் பூமி அதிர்ந்தபோது, பழகிய பிஎச்பி வடிவம் கையில் இருக்கவும், இன்னும் வளர்ந்துகொண்டிருந்த பைதன் வடிவத்தையே பணிக்கு இட்டனர். நூலறிவு கொண்டு நோக்கின் இது தவறு. எனினும் வைத்தியசாலைகளின் பட்டியலை விரைந்து ஆக்குதற்கு அஃதே உதவிற்று. இடர்ப்பொழுதிலே, ஒரு நாளில் திருத்தத்தக்க குறையுடைய கருவி, திருத்தவே இயலாத நிறைவான கருவியினும் மேலாதல் உண்டு. இதனைப் பொதுவிதியாக்குதல் தகாது; நிரலை ஆக்கியோரே இரவுபகலாய்ப் பக்கத்தில் இருந்தமையால் ஆயதொன்று அது. ஆக்கியோர் அருகில் இல்லாதவிடத்து நிலைத்த பதிப்பையே நாடல் வேண்டும்.

இரு வடிவங்களையும் பேணியமையால் உழைப்புப் பிளவுபட்டது. பிஎச்பி மரபு அகஸ்தி என்னும் பெயரில் தொடர்ந்து, நியூயோர்க் மாநகர அவசரகால அலுவலகத்திற் புகலிட மேலாண்மைக்கும், வெசுவியஸ் என்னும் கிளையாய் ஐக்கிய அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தில் காணாமற்போனோரைத் தேடுதற்கும் பயன்பட்டது. ஈடன் மரபு வேறு நாடுகளிற் பரவியது. அதற்கும் ஓர் இடையூறு காத்திருந்தது. பைதன் மொழியின் இரண்டாம் தலைமுறைக்குரிய ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் நாளோடு முடிவுற்றது. 2008 இலேயே மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. அடித்தளம் பெயரும்போது அதன்மேல் எழுந்த கட்டடங்களும் பெயர்த்தெழுதப்படல் வேண்டியதாயிற்று. தான் மாறாவிடினும் தன் கீழுள்ள நிலம் மாறுமென்பதை நிலைபேற்றாளர் மறந்துவிடுகின்றனர்.

இது தொலைவிலுள்ள செய்தியன்று. 2016 மே 17 ஆம் நாள் அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்தது. அதே நாளிற் புளத்கொகுப்பிட்டியவில் தோட்ட லயன் குடியிருப்பு மண்ணுள் அமிழ்ந்தது. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தைக் களுகங்கை வெள்ளம் மூடியது. லயன் அறைகளுக்குப் பெரும்பாலும் தனி முகவரி இல்லை. ஒரு தோட்டத்தின் பெயரே அங்குள்ள பல குடும்பங்களுக்கு முகவரி. வீதியும் வீட்டிலக்கமும் கேட்கும் பதிவேட்டில் அவர்களை எங்ஙனம் பதிவது? தோட்டம், பிரிவு, லயன், அறை என நான்கு கட்டங்கள் வேண்டும். இத்தகைய திருத்தத்தை நமக்காக வேறெவருஞ் செய்யார். அமைதியான நாளில் அடிமரத்திற் சேர்த்து, அடுத்த நிலைத்த பதிப்பில் வரச்செய்தாலன்றி, மழை பெய்யும் இரவில் அக்கட்டங்கள் அங்கே இரா.

தமிழுக்கே உரிய சிக்கலொன்று உண்டு. மென்பொருளின் பட்டிகளையும் செய்திகளையும் தமிழாக்குவோர் தொண்டர்களே. குனோம், கேடீஈ முதலிய திட்டங்களில் வெளியீட்டுக்குச் சில கிழமை முன்னர்ச் சொற்றொடர் உறைநிலை அறிவிக்கப்படும். அதன்பின் ஆங்கில மூலச் சொற்றொடரை மாற்றுதல் கூடாது. ஒரு சொல்லை மாற்றினும் தமிழாக்கம் பொருந்தாதொழிந்து அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய்த் திரைகள் இருத்தற்குக் காரணம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் சோம்பலன்று; காலம் போதாமையே. குனோம் 2002 தொடக்கம் ஆறுமாதத்துக்கொரு பதிப்பு வெளியிட்டு வருகின்றது. ஆங்கிலம் அறிந்தார்க்கு அவ்விரைவு இன்பம். ஈரிருவராய் மொழிபெயர்ப்போர்க்கு அது மூச்சுமுட்டல். வெளியீட்டு முறையைப் பற்றிய வழக்கில் சிறுமொழியார்க்கும் ஒரு கட்சி உண்டென்பதை எடுத்துரைப்பார் அரியர்.

என் தவறொன்றையும் இங்கே கூறிவிடுதல் முறை. தோட்டப் பாடசாலையொன்றிலே பழைய கணினிகள் பன்னிரண்டுக்கு உபுண்டு நிறுவும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புதியதே சிறந்ததென எண்ணி, அப்போது வெளிவந்திருந்த இடைப்பதிப்பை நிறுவினேன். பத்தாம் மாதத்தில், மாணவர் கட்டுரைகளைத் தமிழில் தட்டச்சுச் செய்யவென உள்ளீட்டுப் பொதியொன்றை ஏற்றப் புகுந்தால், களஞ்சியம் அவ்விடத்தில் இல்லை. அப்பதிப்பின் ஆயுள் முடிந்து, அதன் பொதிகள் பழையனவற்றுக்குரிய வேறொரு சேவையகத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. குற்றம் ஆக்கியோர் மேலதன்று. ஒன்பது மாதமென்று அவர்கள் முன்னரே எழுதியிருந்தார்கள், யான் வாசிக்கவில்லை. இணைய வேகங் குறைந்த மலைப்பாடசாலையிற் பன்னிரண்டு கணினிகளையும் மீள நிறுவ ஒரு தவணை விடுமுறை முழுவதுஞ் சென்றது.

இப்போது பதினொரு கணினிகளில் நீடித்த ஆதரவுப் பதிப்பு உள்ளது. ஐந்தாண்டு அவற்றைத் தீண்ட வேண்டியதில்லை. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துசேரும். பன்னிரண்டாவதில் டெபியனின் சோதனைப் பதிப்பை வைத்திருக்கின்றோம். அதிற் புள்ளித்தாளோ பெயர்ப்பட்டியலோ ஏற்றுவதில்லை. உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவர் கிழமைக்கொருமுறை அதனை இயக்கி, தமிழெழுத்து உடைந்து தோன்றும் இடங்களையும் மொழிபெயராது நிற்குஞ் சொற்றொடர்களையும் ஒரு கொப்பியிற் குறிக்கின்றனர். குறித்தவற்றுள் வழுவென உறுதியானவற்றை ஆக்கியோர்க்கு அறிவிக்கின்றோம். சென்ற தவணையில் அனுப்பியவை நான்கு. அவற்றுள் ஒன்று அடிமரத்தில் திருத்தப்பட்டுவிட்டது. ஏனைய பதினொரு கணினிகளிலும் அது தோன்ற, அடுத்த நீடித்த ஆதரவுப் பதிப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.